விளிம்பைத் தொட்ட தலைப்பு

அத்தியாயம் 6

“நாலு மணிக்குக் கூட்டம். கூட்டம் முடிஞ்ச கையோட பொலிஸ். இப்ப மணி ஒன்னு” என்றான் சுதாகரன். “நடுவுல நாம சோறு திங்கப் போறோமா, துப்புத் துலக்கப் போறோமாக்கா?”

புனிதவதியின் கவனம் சோற்றில் இல்லை. ஹட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே, மாடியில் இருந்த அந்தக் கம்பியூட்டர் சென்டரின் ஜன்னலோரம் நின்று, கையிலிருந்த ஒற்றைக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். யாழ்ப்பாணத்துக்காரி. வேலையை விட்ட பிறகு, வக்கீல்கள் கேட்கத் தயங்கும் கேள்விகளை வெளியே போய்க் கேட்டு வருவது அவள் தொழிலாகிவிட்டது. அவளைச் சுமந்து திரிவது சுதாகரனின் முச்சக்கரவண்டி. வாயைத் திறக்காமல் வண்டி ஓட்ட அவனுக்குத் தெரியாது.

எதிரே, ஒரு திரையின் முன்னால் கிருஷாந்தி அமர்ந்திருந்தாள். இருபத்தாறு வயது; அந்த சென்டரில் வேலை. அழுது முடித்து, இனி அழ எதுவுமில்லாத முகம்.

விவகாரம் இதுதான். ஜூன் மாத மழையில் கருங்கல்மலைத் தோட்டத்தில் மண் சரிந்து ஒரு லயம், தொழிலாளர் வீட்டு வரிசை, முழுக்கப் போனது. உயிர் தப்பியவர்கள் ஐந்து மாதமாகத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். அவர்களுக்காக ‘மலைநிழல்’ என்ற அறக்கட்டளை இருபது வீடுகள் கட்டுகிறது. வீடு பெறுபவர்களின் பட்டியலை அறக்கட்டளையின் இணையப் பக்கத்தில் ஏற்றியவள் கிருஷாந்தி. 2008 நவம்பர் பதினேழு, திங்கட்கிழமை காலை. செயலாளர் கோபிசங்கர் தொலைபேசியில் பெயர்களை வாசிக்க, இவள் தட்டினாள். ஏழாவது பெயர் அழகம்மா. கணவனையும் மண்ணுக்குக் கொடுத்துவிட்டு இரண்டு பிள்ளைகளோடு நிற்கும் தேயிலைக் கொழுந்துக்காரி. கிருஷாந்திக்கு அத்தை முறை.

புதன் மாலை அந்தப் பக்கத்தில் ஏழாவது பெயர் செல்லசாமி என்று மாறியிருந்தது.

வியாழன் காலை கோபிசங்கர் இந்தக் காகிதத்தை எடுத்து நீட்டினார். திங்கள் காலையே அவர் பிரிண்ட் எடுத்து வைத்ததாம். அதில் ஏழாவது பெயர் செல்லசாமி. அடியில் தேதி, நேரம் எல்லாம் அச்சாகியிருந்தன. ‘முதலில் இருந்தது செல்லசாமிதான். இந்தப் பெண் இரவோடிரவாகத் தன் அத்தையை நுழைத்துவிட்டாள். புதன்கிழமை கவனித்து நான்தான் திருத்தினேன்’ என்றார். இன்று வெள்ளி. நாலு மணிக்குக் கமிட்டி கூடி, பொலிஸ் முறைப்பாட்டில் கையெழுத்து வைக்கப்போகிறது.

“பிள்ளை, இஞ்ச வாரும்” என்றாள் புனிதவதி. “இந்தத் தலைப்பைப் பாரும்.”

‘வீடு பெறும் இருபது குடும்பங்கள்.’ ஒரே வரி. இடது விளிம்பில் தொடங்கி, சொற்களுக்கிடையே சமமாக இடம் விட்டு, வலது விளிம்பைச் சரியாகத் தொட்டு முடிந்தது.

“நான் செஞ்சதுதாங்க மேடம். ரெண்டு பக்கமும் முட்டுற மாதிரி. அதுக்குத்தான் ரெண்டு நாள் மண்டைய ஒடச்சிக்கிட்டேன்.”

“ஒரு வரியை இழுத்து விட ரெண்டு நாளா?” என்றான் சுதாகரன். “கொடியில சேலைய இழுத்துக் கட்ட எங்க வீட்ல ரெண்டு செகண்டுதான்.”

“சேல கேக்கும்ணே. பிரவுசர் கேக்காது.” நேற்றிலிருந்து முதன்முறையாக அவள் குரலில் ஒரு சூடு வந்தது. “பக்கத்த அடுக்குற சி.எஸ்.எஸ்.ல ரெண்டு பக்கமும் சமப்படுத்துன்னு எழுதினா, பத்தியில எல்லா வரியும் சமமாயிரும். கடைசி வரி மட்டும் ஆகாது. அது இடது பக்கமே ஒதுங்கி நின்னுரும். அது சட்டம். இங்க இருக்கிறதே ஒரு வரி. அப்ப அதானே கடைசி வரி?”

“ஒத்தப் புள்ள மாதிரி. மூத்ததும் அதான், கடக்குட்டியும் அதான்.”

“ஆமாங்க. கடைசி வரியையும் இழுன்னு தனியா ஒரு கட்டளை இருக்கு. எக்ஸ்புளோரர் பிரவுசர்ல அதுக்கு மரியாத உண்டு. இந்த சென்டர்ல அதுதான். நான் பாத்தப்ப அழகா இழுபட்டுச்சு. இன்னொரு பிரவுசர், பயர்பொக்ஸ், அந்தக் கட்டளைய கண்டுக்கவே கண்டுக்காது.”

புனிதவதி காகிதத்தை மெல்ல இறக்கினாள். “மலைநிழல் ஒபிஸிலை என்ன பிரவுசர்?”

“ஜூலைல வைரஸ் வந்து, டெக்னீசியன் எக்ஸ்புளோரர மறைச்சிட்டு பயர்பொக்ஸ் போட்டுட்டுப் போனாரு.”

சுதாகரன் துள்ளி எழுந்தான். “அப்ப முடிஞ்சிருச்சேக்கா! அந்த மிசின்ல வரி இழுபடாது. இந்தப் பேப்பர்ல இழுபட்டிருக்கு. பொய்ப் பேப்பர்!”

“இருங்கண்ணே.” கிருஷாந்தியின் முகம் மறுபடி வாடியது. “இப்ப பயர்பொக்ஸ்லயும் இழுபடும். பொறகு நான் ஒரு தந்திரம் பண்ணினேன். தலைப்புக்குப் பின்னால கண்ணுக்குத் தெரியாத ஒரு வெத்துத் துண்டு வச்சேன். முழு வரி அகலம். அது அடுத்த வரிக்குப் போயிரும். அப்ப தலைப்பு கடைசி வரி இல்லன்னு பயர்பொக்ஸ் நம்பிரும். நம்பி இழுத்து விட்ரும்.”

“பின்னால ஆள் ஏறுதுன்னு சொல்லியே முன்னால நிக்கிறவன நகத்துற கண்டக்டர்” என்று முணுமுணுத்துவிட்டு அவன் உட்கார்ந்தான்.

“பிறகு எண்டால் எப்ப?” புனிதவதியின் கேள்வி சட்டென்று வந்தது.

“புதன் காலைல.”

“ஏன் புதன்?”

“சேர்மன் செவ்வாய்க்கெழம ஒபிஸ்ல பிரிண்ட் எடுத்துப் பாத்திருக்காரு. தலைப்பு ஒரு பக்கமா ஒதுங்கிக் கெடக்குன்னு எனக்குப் போன்ல ஒரே ஏச்சு. செவப்புப் பேனாவால வட்டம் போட்டு வச்சிருக்கேன்னு சொன்னாரு. அதனாலதான்...”

சொல்லி முடிக்குமுன் புனிதவதி குடையை எடுத்துவிட்டாள்.

“புதன்தான் திருத்தினனீர் எண்டதுக்கு வேற அத்தாட்சி இருக்கோ?”

“இல்ல மேடம். அதுக்கப்புறம் கோபிசங்கர் சார் அந்தக் கோப்ப மறுபடி ஏத்திட்டாரு. தேதியெல்லாம் அழிஞ்சு போச்சு. என் பழைய கோப்பு பென்டிரைவ்ல இருக்கு. நானே எழுதிக்கிட்டேன்னு சொல்லிருவாரு.”

“அதையும் எடுத்துக்கொண்டு நாலு மணிக்கு வந்திரும். சுதா, வண்டியை எடும். வட்டகொடை, சேர்மன்ரை வீடு.”

“சோறு?”

“திரும்பி வந்து.”

“எங்கம்மா எனக்கு வச்ச பேரு சுதாகரன்க்கா. நீங்கதான் சோறில்லாகரன் ஆக்கிட்டீங்க.”

தலவாக்கலையைத் தாண்டும்போது மழை பிடித்தது. முச்சக்கரவண்டியின் ரெக்சின் திரை படபடவென்று அடித்தது. ஒரு சோதனைச் சாவடியில் அடையாள அட்டை காட்ட இறங்கியதில் பத்து நிமிடம் போனது. கிழட்டு மாடு போல மெல்ல ஊர்ந்த ஒரு கொழுந்து லொறிக்குப் பின்னால் இன்னொரு பத்து நிமிடம். புனிதவதி கடிகாரத்தைப் பார்ப்பதும், கையால் மூடுவதும், மறுபடி பார்ப்பதுமாக இருந்தாள். சுதாகரன் ஹோர்னில் இருந்து கையையே எடுக்கவில்லை.

இரண்டரைக்கு வட்டகொடை. புகையிரத நிலையத்துக்கு மேலே ஒரு சின்ன வீடு. அறக்கட்டளையின் தலைவர் தம்பிஐயா, முப்பது வருடம் கணக்குப் படிப்பித்த யாழ்ப்பாணத்து ஆசிரியர், கூட்டத்துக்குப் போகக் கோட்டு அணிந்து நின்றார். தரையில் நீர் சொட்ட நின்ற இருவரையும் பார்த்ததும் முகம் சுளித்தார்.

“அந்தப் பெட்டைக்காக வந்திருக்கிறியள் போலை. என்னட்டைப் பேசிப் பிரயோசனம் இல்லை. சொந்தக்காரிக்கு வீடு குடுக்கிறதுக்கு இது ஒண்டும் வீட்டுக் கலியாணம் இல்லை.”

“மாஸ்டர், நான் அவளுக்காகப் பேச வரேல்லை. உங்கடை சிவப்பு வட்டத்தைப் பார்க்க வந்தனான்.”

அவர் திகைத்தார். பிறகு அவர் கண்ணில் ஒரு பெருமிதம் எட்டிப் பார்த்தது. “அந்தத் தலைப்போ? ஆர் சொன்னது? கொடுமை கண்டியளோ! ஒரு பக்கமாய் ஒதுங்கி, பள்ளிக்குப் பிந்தி வந்த பெடியன் மாதிரி.”

ஒரு கோப்பைத் திறந்தார். எதையும் எறியாத மனிதர் என்பது அதன் தடிப்பிலேயே தெரிந்தது. காகிதம் வந்தது. அடியில் செவ்வாய்க்கிழமைத் தேதி. மேலே சிவப்பு வட்டம். வட்டத்துக்குள்ளே தலைப்பு இடது ஓரம் ஒதுங்கி, வலப்பக்கம் பாதி வரி வெறுமையாகக் கிடந்தது.

“மாஸ்டர், ஏழாவது பேரை வாசியுங்கோ.”

“பட்டியலை ஆர் பாத்தது? நான் தலைப்பைத்தான் பாத்தனான்.” கண்ணாடியை ஏற்றிக்கொண்டு விரலால் இறங்கிப் போனார். “ஏழு... அழகம்மா.”

சுதாகரன் கையைத் தட்டப் போனான். அதற்குள் கிழவரின் முகம் மலர்ந்தது.

“பாத்தியளோ! கோபிசங்கர் சொன்னது அச்சொட்டாய்ச் சரி. திங்கள் காலமை செல்லசாமி. ராவிலை இவள் மாத்தினாள். செவ்வாய் அழகம்மா. இதைவிட என்ன அத்தாட்சி வேணும்? நல்ல காலம் நீங்கள் வந்து ஞாபகப்படுத்தினது. இதையும் கமிட்டிக்குக் காட்டுறன்.”

சுதாகரன் குனிந்து அவள் காதருகே சொன்னான். “அக்கா, நாம மழையில வந்து, மத்தியானம் பட்டினி கெடந்து, எதிராளிக்கு சாட்சி தேடிக் குடுத்திருக்கோம்.”

புனிதவதி இரண்டு காகிதங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒரு நிமிடம் பார்த்தாள். பெயர்களைப் பார்க்கவில்லை. நான்கு மூலைகளைப் பார்த்தாள்.

“ஓம் மாஸ்டர்” என்றாள் அமைதியாக. “கட்டாயம் காட்டுங்கோ. ஸ்டேஷனிலை கோச்சிக்கு நிக்க வேண்டாம், எங்களோடை வாங்கோ.”

நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்க ஹட்டன். மலைநிழல் அலுவலகத்தின் வாசலில் இருவரையும் இறக்கிவிட்டபோது புனிதவதி சுதாகரனிடம் குனிந்தாள்.

“இந்தச் செல்லசாமி எண்டவரை உமக்குத் தெரியுமோ?”

“மர ஆலையில வாச்சர். ஸ்டாண்டுக்குப் பின்னாலதான். நேத்துல இருந்து ஊரே காறித் துப்புது அந்தாள.”

“அவரிட்டை ஒருத்தரும் ஒரு கேள்வியும் கேக்கேல்லை. கூட்டிக்கொண்டு வாரும்.”

உள்ளே நீண்ட மேசை. கமிட்டிக்காரர்கள் நால்வர். ஓரத்து வாங்குப் பலகையில் அழகம்மா, கொழுந்து மலையிலிருந்து அப்படியே வந்தவள், இடுப்பில் கட்டும் சாக்குத் துணியான படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. அவள் பக்கத்தில் கிருஷாந்தி. மேசையின் தலைமாட்டில் கோபிசங்கர், நாற்பது வயது, மடிப்புக் குலையாத சட்டை. முறைப்பாட்டுக் கடிதம் அவர் முன்னால் தயாராக இருந்தது.

தம்பிஐயா தன் காகிதத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னார். கோபிசங்கர் மெல்லச் சிரித்தார். “நான் சொல்லல்லிங்களா ஐயா? இனி என்ன இருக்கு பேச?”

“ஒண்டே ஒண்டுதான்” என்றாள் புனிதவதி. “திங்கள் நீங்கள் பிரிண்ட் எடுத்தது எந்த மெசினிலை?”

“இந்த ஒபிஸ் மிசின்லதாங்க. அதோ, என் ரூம்ல.”

“நிச்சயமோ?”

“கீழயே தேதி நேரம் எல்லாம் இருக்கே. திங்கள் பத்து நாற்பத்திரண்டு.”

“மாஸ்டர், நீங்கள் செவ்வாய் எடுத்தது?”

“அதே மெசின்தான்.”

புனிதவதி இரண்டு காகிதங்களையும் எல்லோருக்கும் தெரியும்படி சுவரில் ஒட்டினாள்.

“பேரை விடுங்கோ. தலைப்பைப் பாருங்கோ. திங்கள் எடுத்ததிலை தலைப்பு விளிம்பு தொட்டு நிமிர்ந்து நிக்குது. செவ்வாய் எடுத்ததிலை ஒதுங்கிக் கிடக்கு. மாஸ்டர் ஏசின பிறகு, புதன் காலமை இந்தப் பிள்ளை ஒரு தந்திரம் செய்துதான் இந்த மெசினிலை அந்த வரி நிமிர்ந்தது. அப்ப திங்கள் எப்பிடி நிமிர்ந்தது?”

அறையில் யாரோ நாற்காலியை அசைத்தார்கள்.

“கிருஷாந்தி, உம்மடை பழைய கோப்பை அந்த மெசினிலை திறவும்.”

அவள் பென்டிரைவைச் செருகினாள். திரையில் பக்கம் விரிந்தது. தலைப்பு இடது ஓரத்தில் ஒதுங்கி நின்றது. அவள் ஒரே ஒரு வரியைச் சேர்த்து மறுபடி திறந்தாள். தலைப்பு அசைந்து, நீண்டு, வலது விளிம்பைத் தொட்டது. தம்பிஐயாவின் வாய் திறந்தது.

கோபிசங்கர் எழுந்தார். சட்டை மடிப்பு இன்னும் குலையவில்லை. “எக்ஸ்புளோரர்ல முன்னாடியே இழுபடும்னு இந்தப் பொண்ணே சொல்லிருக்கே? நான் அதுல எடுத்திருப்பேன். மறைச்சு வச்சாலும் உள்ளாற இருக்கே.”

கிருஷாந்தி அழகம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பயந்தது இதற்குத்தான்.

“இருக்கலாம்” என்றாள் புனிதவதி. “அதுதான் நான் மூலையளைப் பாத்தனான். கிருஷாந்தி, எக்ஸ்புளோரர் பிரிண்ட் எடுத்தால் பக்கத்தின்ரை முகவரி எங்கை விழும்?”

கிருஷாந்தி நிமிர்ந்தாள். சுவரிலிருந்த இரண்டு காகிதங்களையும் முதன்முறையாகப் பார்ப்பவள் போல் பார்த்தாள்.

“கீழ! இடது பக்கம், கீழ! கீழ வலது பக்கம் தேதி மட்டுந்தான், நேரம் விழாது. பயர்பொக்ஸ்னா முகவரி மேல வலது பக்கம். தேதியும் நேரமும் சேந்து கீழ!”

எல்லாத் தலைகளும் திரும்பின. கோபிசங்கரின் காகிதத்தில் முகவரி மேலே, வலது மூலையில் இருந்தது. அடியில் பத்து நாற்பத்திரண்டு என்ற நேரம், அவரே சற்றுமுன் பெருமையாகச் சொன்னது, பளிச்சென்று இருந்தது.

“அது பயர்பொக்ஸ் எடுத்த பிரிண்ட்” என்றாள் புனிதவதி. “நிமிர்ந்த தலைப்போடை. அப்ப புதன் காலமைக்குப் பிறகு எடுத்தது. கொம்பியூட்டர் மணிக்கூட்டைத் திங்களுக்குத் திருப்பி வச்சால் அடியிலை திங்கள் எண்டுதான் விழும். நீங்கள் மணிக்கூட்டைத் திருப்பினியள். தலைப்பைத் திருப்ப மறந்து போனியள்.”

“கோபிசங்கர்,” தம்பிஐயாவின் குரல் வகுப்பறைக்குள் போய்விட்டது. “ஏன் செய்தனீர்?”

கமிட்டிக்காரர் ஒருவர்தான் மெல்ல வாய் திறந்தார். செவ்வாய் மத்தியானம்தான் நில அளவைப் படம் வந்ததாம். ஏழாவது பெயருக்குரிய ஏழாம் இலக்க வீடு வளைவில், பெரிய ரோட்டைப் பார்த்தபடி. கடை போட அதைவிட நல்ல இடம் அந்த மலையிலேயே இல்லை.

“அந்தச் செல்லசாமி ஒன் ஆளுதானா?” அழகம்மா வாங்கிலிருந்து எழுந்தாள். குரல் உடைந்தது. “சாகட்டும் அவன்! நேத்து ரோட்ல வச்சு மண்ண வாரித் தூத்துனேன். இன்னும் தூத்துவேன்!”

கதவு திறந்தது. சுதாகரன். அவன் பின்னால், மழையில் நனைந்த ஒரு மெலிந்த மனிதர், தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்தபடி.

சுதாகரன் எதிர்பாராத விதமாக ஒரு பகிடியும் விடவில்லை. “அக்கா, நீங்களே கேளுங்க.”

“ஐயா, பட்டியலிலை உங்கடை பேர் எப்ப வந்தது எண்டு தெரியுமோ?”

“நேத்து அடி விழுந்தப்பதாம்மா தெரியும்.” செல்லசாமி மேசையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். “ஆவணில இந்தத் தொர வந்து, மழைல வெடிச்ச எங்க வீட்டுச் செவத்தப் பாத்தாரு. ஐடி கார்ட் நம்பர எழுதிக்கிட்டாரு. பொறகு சும்மா கீறல்தான், ஒனக்கு வீடு இல்லன்னுட்டாரு. புதங்கெழம ராவு மில்லுக்கு வந்து, தண்ணி லைனுக்கான படிவம்னு ஒரு பாரத்துல கையெழுத்து வாங்குனாரு. மேல பாதிய மடிச்சு வச்சிருந்தாருங்க.”

கோபிசங்கர் தன் பையை எடுத்தார். தம்பிஐயா கையை நீட்டினார். “அந்தப் பாரம்.” பை திறந்தது. மடிப்பை விரித்துத் தம்பிஐயா உரக்க வாசித்தார். எனக்கு வழங்கப்படும் ஏழாம் இலக்க வீட்டையும் முற்றத்தையும் கோபிசங்கர் என்பவரின் பாவனைக்கு விடுகிறேன்.

முறைப்பாட்டுக் கடிதத்தை இரண்டாகக் கிழித்தவர் அதே கமிட்டிக்காரர்தான். புதிய கடிதத்தில் பெயர் வேறு. கோபிசங்கர் அறையை விட்டுப் போனபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“பிள்ளை,” தம்பிஐயா கிருஷாந்தியின் முன் வந்து நின்றார். முதுகு வளைந்திருந்தது. “ஏழிலை அழகம்மா எண்டு போடும். நான்... நான் பட்டியலை வாசிச்சிருக்க வேணும்.”

கிருஷாந்தி தலையசைத்தாள்.

செல்லசாமி வாசல் பக்கம் நகர்ந்தார். அழகம்மா அவரைப் பார்த்தபடியே நின்றாள். அவர் நெற்றியில் நேற்றைய கல் பட்ட காயத்தில் ஈரத் துணி ஒட்டியிருந்தது.

“அண்ணே,” என்றாள். “ஒங்க செவுரு... கீறல்தானா?”

“கீறலுக்குள்ள கையவே விடலாம்மா. ராவுல மழ சத்தம் உள்ளாறவே கேக்குது. நான் மில்லுல, பொஞ்சாதி மீனம்மா மட்டுந்தான் அங்க.”

தம்பிஐயா தொண்டையைச் செருமினார். “நாளைக்குக் காலமை கமிட்டி வந்து பாக்கும்.”

அழகம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மல்லியப்பு மலை மழையில் காணாமல் போயிருந்தது. ஜூன் மாதம் அந்த இரவும் இப்படித்தான் இருந்தது. இதே போல யாரோ நாளைக்குக் காலையில் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

“நாளைக்கு வேணாங்க” என்றாள். படங்கை இறுக்கிக் கட்டினாள். “மீனம்மாவ இப்பவே கூட்டியாந்துருவோம். என் பாயில படுக்கட்டும்.”

சுதாகரன் சாவியை எடுத்தான்.

“வண்டியில மூணு பேருக்குத்தான் எடம்” என்றான். “அஞ்சு பேர் ஏறுங்க.”